இலங்கைத் தேசிய மகளிர் உதைபந்தாட்ட அணி: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் பாடசாலைப் பெண்பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்கும் உடற்கல்வி ஆசிரியை நான். மைதான ஓரத்திலும் பெற்றோர் கூட்டத்திலும் பேருந்துத் தரிப்பிடத்திலும் தேசிய மகளிர் அணியைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் பந்தைத் தொட்டுவிட்ட பிள்ளைகளையும், அவர்களை வீட்டிலிருந்து அனுப்பும் தாய் தகப்பனையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

இலங்கைக்குப் பெண்கள் உதைபந்தாட்ட அணி என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. ஆண்கள் அணியை நடத்தும் இலங்கை உதைபந்தாட்ட சம்மேளனமே இதையும் நடத்துகிறது. ஃபிஃபாவும் ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பும் அங்கீகரித்த முழுமையான தேசிய அணி இது. கிரிக்கெட்டுக்குக் கிடைக்கும் தொலைக்காட்சி நேரத்தில் சிறு பங்குகூட இதற்குக் கிடைப்பதில்லை என்பதால், இப்படி ஓர் அணி இருப்பதையே பலர் அறியாமல் இருப்பதில் வியப்பில்லை.

இந்த அணி இதுவரை எட்டிய மிக உயர்ந்த நிலை எது?

தெற்காசிய மகளிர் கிண்ணம் என்று நாம் சொல்லும் சாஃப் (தெற்காசிய உதைபந்தாட்டச் சம்மேளனம்) மகளிர் சாம்பியன்ஷிப்பில் மூன்று முறை அரையிறுதிக்கு வந்ததே இன்றுவரை அதன் உச்சம். இந்தச் சுற்றுப்போட்டி 2010 இல் பங்களாதேசத்தின் கொக்ஸ் பஜாரில் தொடங்கியது. பின்னர் 2012 இல் கொழும்பிலும், 2014 இல் இஸ்லாமாபாத்திலும், 2016 இன் இறுதியில் இந்தியாவின் சிலிகுரியிலும், 2019 இல் நேபாளத்தின் விராட்நகரிலும், 2022 இலும் 2024 இலும் காத்மண்டுவிலும் நடந்தது. ஆக 2024 வரை ஏழு சுற்றுப்போட்டிகள்.

முதலாவதில் இலங்கை, இந்தியாவும் பங்களாதேசமும் இருந்த பிரிவிலிருந்து மேலே வர முடியவில்லை. 2012 இல் சொந்த மண்ணில் ஆடியபோது இந்தியாவுக்கு அடுத்த இடத்தைப் பிடித்து, பங்களாதேசத்தை வெளியே விட்டு அரையிறுதிக்குப் போனது. அங்கே நேபாளத்திடம் தோற்றது. 2014 இல் போட்டியை நடத்திய பாகிஸ்தானே பிரிவு ஆட்டங்களுடன் வெளியேற, நம்முடைய பிள்ளைகள் அரையிறுதியில் நின்றார்கள்; அதில் இந்தியா 5-0 என வென்றது. 2019 இல் மாலைதீவைத் தாண்டி மீண்டும் அரையிறுதிக்கு வந்து, நேபாளத்திடம் 4-0 எனத் தோற்றார்கள். 2016, 2022, 2024 ஆகிய மூன்றிலும் பிரிவு ஆட்டங்களோடு பயணம் முடிந்தது. இறுதியாட்டத்தில் இலங்கை ஒருமுறையும் ஆடியதில்லை.

கிண்ணத்தை முதல் ஐந்து முறையும் இந்தியாவே எடுத்தது. 2022 இலும் 2024 இலும் பங்களாதேசம் எடுத்தது. நேபாளம் பலமுறை இறுதிவரை வந்தும் ஒரு தடவையும் தூக்கவில்லை. நேபாள அணியின் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு மனம் வருந்தச் செய்யும் கணக்கு என்பது புரியும்.

2012 இல் கொழும்பிலேயே நடந்ததா? எங்களுக்கு ஏன் தெரியாமல் போனது?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் இருபது வயதைத் தாண்டாதவர்கள். அவர்களுக்கு நாட்காட்டியைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. 2010 டிசம்பரில் கொக்ஸ் பஜாரில் முதலாவது பந்து உதைக்கப்பட்டபோது, போர் முடிந்து ஒன்றரை ஆண்டு நிறைவாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வன்னிச் சனத்தில் ஒரு பகுதி இன்னமும் மெனிக் பாம் முகாமில் இருந்தது, ஊருக்குத் திரும்பியவர்கள் தறப்பாள் கூரைக்குக் கீழே இருந்தார்கள். 2012 செப்டெம்பரில் கொழும்பில் அரையிறுதி நடந்த அதே மாதத்தில்தான் மெனிக் பாம் மூடப்பட்டது. அங்கே கடைசியாக எஞ்சியிருந்த கேப்பாப்புலவு மக்கள் சொந்த நிலத்துக்குப் போக முடியாமல் சீனியாமோட்டையில் இறக்கிவிடப்பட்டார்கள். அந்த மாதத்தில் எங்களுடைய தாய்மார் தண்ணீர்த் தாங்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், புள்ளிப்பட்டியலை அல்ல. கண்ணிவெடி அகற்றி முடியும்வரை பல ஊர்களில் பிள்ளைகள் வெளியில் கால் வைக்கவே அனுமதிக்கப்படவில்லை. ஆகவே நமக்குத் தெரியாமல் போனதில் நம்முடைய அக்கறைக் குறைவு எதுவும் இல்லை.

ஏன் ஐந்து, ஆறு கோல் வித்தியாசத்தில் தோற்கிறார்கள்? அவ்வளவு பலவீனமான அணியா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கொஞ்சம் ஏளனத்தோடு கேட்கப்படுவதும் இதுதான். 2022 இல் காத்மண்டுவில் பூட்டானிடம் 5-0 எனவும் நேபாளத்திடம் 6-0 எனவும் தோற்றதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த எண்களை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் எண்களைப் பார்க்கும்போது அந்த அணி அதற்கு முன் எத்தனை சர்வதேச ஆட்டங்களில் ஆடியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு சாஃப் சுற்றுப்போட்டிக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு, மூன்று ஆண்டுகள் கழிகின்றன. இடைவெளியில் சிநேகபூர்வ ஆட்டங்கள் தொடர்ச்சியாகக் கிடைக்காத அணிக்கு ஒவ்வொரு சுற்றுப்போட்டியும் புதிதாகத் தொடங்குவது போலத்தான் இருக்கும். சென்ற முறை ஆடியவர்களில் பலர் திருமணம், வேலை, வெளிநாடு என்று போயிருப்பார்கள்.

மைதானத்தில் இது எப்படித் தெரியும் என்றால், முதல் அரைமணி நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. பின்வரிசை நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்து ஒரே கோட்டில் ஏறி இறங்குவார்கள். அறுபது நிமிடம் கடந்ததும் ஒருத்தியின் கால் கனக்கும். அவள் இரண்டு அடி பின்னுக்கு நிற்பாள். அந்த இரண்டு அடியால் எதிரணி முன்கள வீராங்கனை ஓப்சைட் (பின்வரிசையைத் தாண்டி நின்று பந்தை வாங்கும் தவறு) ஆகாமல் உள்ளே ஓடுவாள். அங்கே ஒரு கோல் விழும். அடுத்த கோல் அதைத் துரத்த எல்லோரும் முன்னுக்குப் போனதால் விழும். ஆறு கோலில் நான்கு இப்படிக் கடைசி அரைமணியில் விழுவதை எங்கள் பாடசாலை ஆட்டங்களிலேயே நான் பலமுறை கண்டிருக்கிறேன். பந்தைக் கையாளும் திறமை பிள்ளைகளிடம் இருக்கிறது. தொண்ணூறு நிமிடமும் ஒரே உடலாக நிற்கும் பழக்கம், மாதாமாதம் கடுமையான ஆட்டம் ஆடினால்தான் வரும்.

பங்களாதேசமும் நம்மைப் போலத்தானே இருந்தது? அவர்கள் எப்படி மேலே போனார்கள்?

இந்தப் பதிலை நான் விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வன்னிக்கு இதைவிடப் பொருத்தமான கதை வேறு இல்லை.

2012 இல் கொழும்பில் இலங்கைக்குக் கீழே முடித்து வெளியேறிய அணி பங்களாதேசம். பத்தே ஆண்டுகளில், 2022 செப்டெம்பர் 19 அன்று காத்மண்டுவின் தசரத் மைதானத்தில், சொந்த இரசிகர்கள் நிறைந்த நேபாளத்தை 3-1 என வென்று அதே கிண்ணத்தை அவர்கள் தூக்கினார்கள். அந்தப் பத்து ஆண்டுகளில் நடந்ததுதான் முக்கியம். 2011 இலிருந்து அந்த நாட்டில் ஆரம்பப் பாடசாலைச் சிறுமிகளுக்கென்று நாடு முழுவதற்குமான உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி தொடங்கியது. மைமன்சிங் மாவட்டத்தில், இந்திய எல்லையை ஒட்டிய கல்சிந்தூர் என்ற கிராமத்தின் ஆரம்பப் பாடசாலை அதில் பலமுறை வென்றது. அந்த ஒரே ஊரிலிருந்து அடுத்தடுத்துப் பிள்ளைகள் தேசிய அணிக்குப் போனார்கள். வயலும் வாய்க்காலுமாக இருக்கும் ஊர். வசதியான வீடுகள் இல்லாத ஊர். நம்முடைய முத்தையன்கட்டையோ விசுவமடுவையோ நினைத்துக்கொண்டால் ஏறக்குறைய சரியாக இருக்கும்.

தெரிவான பிள்ளைகளை அந்த நாட்டின் சம்மேளனம் டாக்காவில் தன்னுடைய கட்டடத்திலேயே தங்கவைத்து, ஆண்டு முழுவதும் பயிற்சி கொடுத்தது. கோலாம் ரப்பானி சோட்டன் என்ற பயிற்றுவிப்பாளர் நீண்ட காலம் அவர்களோடு இருந்தார். 2017 இல் பதினைந்து வயதுக்குட்பட்டோர் சாஃப் கிண்ணத்தை அவர்கள் டாக்காவில் வென்றார்கள். அடுத்த ஆண்டு பதினெட்டு வயதுக்குட்பட்டோர் கிண்ணத்தையும் வென்றார்கள். அந்தத் தலைமுறையே வளர்ந்து 2022 இல் சபினா காத்தூனின் தலைமையில் நின்றது. அதாவது காத்மண்டுவில் ஆடியவர்கள் சிறுமிகளாக இருந்த காலம் முதல் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள்.

ஒரு சிறு சம்பவம் என் மனதை விட்டுப் போவதில்லை. இறுதியாட்டத்துக்கு முன் கல்சிந்தூரைச் சேர்ந்த சஞ்சிதா அக்தர், கூரை திறந்த பேருந்தில் வரவேற்புக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, தங்களை நம்பியவர்களுக்காக வெல்ல வேண்டும் என்ற கருத்தில் முகநூலில் எழுதியிருந்தார். அவர்கள் வென்றதும், நாட்டில் அப்படியொரு பேருந்து இல்லாததால், அரச போக்குவரத்துக் கூட்டுத்தாபனத்தின் மாடிப் பேருந்து ஒன்றின் கூரையை வெட்டி அகற்றி, அதிலே அவர்களை டாக்கா வீதிகளில் அழைத்துச் சென்றார்கள். கூரை வெட்டிய பேருந்தின் படத்தை நான் எங்கள் விளையாட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

அதோடும் அவர்கள் நிற்கவில்லை. 2025 ஜூலையில் யாங்கூனில் மியன்மாரை 2-1 என வென்று, வரலாற்றில் முதன்முறையாக ஆசிய மகளிர் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றார்கள். இரண்டு கோல்களையும் போட்ட ரிதுபர்ணா சக்மா, ரங்காமாட்டி மலைப்பகுதியில் சிறுபான்மைச் சமூகமொன்றில் பிறந்தவர். தலைநகரிலிருந்து தொலைவில், நாட்டின் பெரும்பான்மை மொழி பேசாத வீட்டில் பிறந்த பிள்ளைக்கும் தேசிய அணியில் இடமுண்டா என்று என்னிடம் கேட்கும் பெற்றோருக்கு நான் இவருடைய பெயரைத்தான் சொல்வேன்.

ஆசியக் கிண்ணத்துக்கோ உலகக் கிண்ணத்துக்கோ இலங்கை போயிருக்கிறதா?

இல்லை. 2026 ஆசிய மகளிர் கிண்ணத்துக்கான தகுதிகாண் சுற்றில் இலங்கை, உஸ்பெகிஸ்தான், நேபாளம், லாவோஸ் ஆகியவற்றோடு ஒரே பிரிவில் ஆடியது. அதிலிருந்து உஸ்பெகிஸ்தான்தான் முன்னேறியது. மகளிர் உலகக் கிண்ணம் 1991 இல் சீனாவில் 12 அணிகளோடு தொடங்கி, 2023 இல் 32 அணிகளாக விரிந்துவிட்டது. ஆனாலும் 2023 வரை தெற்காசிய நாடு ஒன்றுகூட அதில் ஆடவில்லை.

ஆசிய அளவில் நமது பகுதியின் பெருமை இந்தியாவுடையது. 1980 இல் கோழிக்கோட்டிலும் 1983 இல் பாங்கொக்கிலும் அவர்கள் ஆசியாவின் இரண்டாம் இடத்தைப் பெற்றார்கள். நீண்ட சரிவுக்குப் பிறகு, 2025 ஜூலை 5 அன்று சியாங் மாய் நகரில் தாய்லாந்தை அதன் சொந்த மைதானத்தில் 2-1 என வென்று, களத்தில் ஆடியே 2026 ஆசியக் கிண்ணத்துக்கு இடம் பிடித்தார்கள். சங்கீதா பாஸ்போர் இரண்டு கோல்களையும் அடித்தார்.

அந்த இந்திய அணியில் தமிழ்ப் பெண்கள் ஆடியிருக்கிறார்களா?

ஆடியிருக்கிறார்கள். தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்திலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் பல ஆண்டுகள் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர். தமிழ்நாடு காவல்துறையில் உப பரிசோதகராகவும் பணியாற்றியவர். அதே மாவட்டத்தைச் சேர்ந்த சந்தியா ரங்கநாதனும் தேசிய அணியில் ஆடியவர். பாடசாலையில் இந்தப் பெயர்களைச் சொன்னால் பிள்ளைகள் முதலில் நம்புவதில்லை. கைத்தொலைபேசியில் ஆட்டத்தைக் காட்டிய பிறகே நம்புகிறார்கள்.

தெற்காசிய விளையாட்டு விழாவில் பதக்கம் உண்டா?

இல்லை. பெண்கள் உதைபந்தாட்டம் 2010 இல் டாக்காவில் நடந்த விழாவில் சேர்க்கப்பட்டது. 2010, 2016, 2019 ஆகிய மூன்று விழாக்களிலும் இந்தியா தங்கமும் நேபாளம் வெள்ளியும் வென்றன. 2019 டிசம்பரில் பொக்காராவில் நான்கு அணிகளே ஆடியும், வெண்கலம் மாலைதீவுக்குப் போனது. அதே ஆண்டு மார்ச்சில் சாஃப் போட்டியில் நாம் தாண்டிச் சென்ற அதே மாலைதீவு. மிக அருகில் வந்து தவறிய பதக்கம் அதுதான்.

ஃபிஃபா தரவரிசையை எப்படிக் கணிக்கிறார்கள்?

மகளிர் தரவரிசை 2003 இல் தொடங்கியது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் இரு அணிகளின் புள்ளிகளை வைத்து எதிர்பார்க்கப்படும் பெறுபேறு கணிக்கப்படும். உண்மையான பெறுபேறு அதைவிட மேலானால் புள்ளி கூடும், கீழானால் குறையும். சொந்த மண்ணில் ஆடுவதும் ஆட்டத்தின் முக்கியத்துவமும் கணக்கில் எடுக்கப்படும். ஆண்களின் முறைக்கும் இதற்கும் முக்கியமான ஒரு வித்தியாசம் உண்டு: பெண்களின் கணிப்பில் கோல் வித்தியாசமும் பார்க்கப்படுகிறது. 0-1 எனத் தோற்பதும் 0-6 எனத் தோற்பதும் ஒன்றல்ல. 1-2 எனத் தோற்பது 0-1 ஐ விடச் சிறிதளவு மேலானது. ஆகவே தோல்வி உறுதியான பின் எண்பத்தெட்டாவது நிமிடத்தில் அடிக்கும் ஒரு கோலும், தடுக்கும் ஒரு கோலும் நாட்டின் கணக்கில் ஏறுகின்றன. நீண்ட காலம் சர்வதேச ஆட்டம் ஆடாத அணி பட்டியலிலிருந்தே நீக்கப்படலாம்.

2023 இல் இலங்கைக்குத் தடை விதித்தார்களே, அது பெண்களையும் பாதித்ததா?

பாதித்தது. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கை உதைபந்தாட்ட சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் மாத இறுதியில் அந்தத் தடை நீங்கியது. சம்மேளனம் இடைநிறுத்தப்பட்டால் ஆண், பெண், இளையோர் என எந்த அணியும் சர்வதேசப் போட்டியில் பங்குபற்ற முடியாது. நிருவாகத்தில் நடந்த எதிலும் சம்பந்தமில்லாத பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த ஏழு மாதங்கள் திரும்பக் கிடைக்காது. இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு இன்னமும் கோபம் வருகிறது.

பெண்களுக்கான விதிகள் வேறா? தலையை மூடி ஆடலாமா?

விதிகள் ஒன்றே: 90 நிமிடம், பதினொரு பேர், ஐந்தாம் இலக்கப் பந்து. தலையை மூடும் துணி அணிந்து ஆடுவதற்கு 2014 முதல் விதிப்படி அனுமதி உண்டு. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் உள்ள முஸ்லிம் பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

வன்னியிலுள்ள ஒரு பிள்ளை தேசிய அணிக்கு எந்த வழியால் போகலாம்?

முதல் வழி பாடசாலை. வலய மட்டம், மாகாண மட்டம், அதன்பின் அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டுப் போட்டி என்று அது ஏறும். வடக்கிலிருந்து பெண்கள் அணி தேசிய மட்டத்தில் வெல்ல முடியும் என்பதைத் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பிள்ளைகள் எப்போதோ காட்டிவிட்டார்கள். அவர்களோடு மாகாண மட்டத்தில் மோதுவதே எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய பாடம். இரண்டாவது வழி மாவட்ட லீக்கும் கழகமும். பாடசாலையை விட்டதும் பந்தையும் விட்டுவிடும் பிள்ளைகளை இந்த இடத்தில்தான் நாம் இழக்கிறோம். ஆண்களுக்கு ஊருக்கு ஒரு கழகம் இருக்கிறது. அதே கழகங்கள் பெண்கள் பிரிவொன்றைத் தொடங்கினால், பதினெட்டு வயதுக்குப் பிறகும் ஆட ஓர் இடம் இருக்கும். கழகத் தலைவர்களிடம் இதை நான் நேரிலேயே கேட்டு வருகிறேன்.

இடையில் நிற்பவை சிறிய விடயங்கள். கிரவல் மைதானத்தில் ஆடினால் பூட்ஸின் அடி ஒரு தவணையில் தேய்ந்துவிடும். போன தவணை பந்துகாப்பாளராக நின்ற பிள்ளை அக்காவின் பூட்ஸைப் போட்டு, முன்பக்கத்தில் பழைய சாரத் துணியைச் சுருட்டி அடைத்திருந்தாள். ஒவ்வொரு தடவை பந்தை உதைத்த பின்னும் குனிந்து அதைச் சரிசெய்வாள். ஐப்பசி பிறந்தால் மைதானம் குளமாகிவிடும், தை வரை ஓட இடமில்லை. மாலை ஐந்தரைக்குப் பிறகு பல கிராமங்களுக்குப் பேருந்து இல்லை. தேசியத் தெரிவு கொழும்பில் காலை எட்டு மணிக்கு என்றால், பிள்ளையும் துணைக்கு ஒருவரும் முதல் நாள் இரவே புறப்பட வேண்டும்.

வெளிநாட்டில் பிறந்த எங்கள் பிள்ளைகள் இலங்கைக்காக ஆட முடியுமா?

முடியும். இலங்கைக் குடியுரிமை இருக்க வேண்டும். அதோடு தானோ, பெற்றோரில் ஒருவரோ, பாட்டன் பாட்டியில் ஒருவரோ இலங்கையில் பிறந்திருக்க வேண்டும் என்பது ஃபிஃபா விதியின் சாரம். கனடாவிலும் நோர்வேயிலும் சுவிற்சர்லாந்திலும் நல்ல கழகங்களில் ஆடும் வன்னிப் பேத்திகள் இருப்பார்கள். அவர்களுடைய குடும்பங்களுக்கு இந்த விதி தெரிந்திருந்தால் நல்லது.

"ரீச்சர், இவளின்ரை காலுக்கு ஏதும் நடந்தால் பிறகு ஆர் பாக்கிறது?"

தாய்மார் கேட்ட சொற்களிலேயே எழுதியிருக்கிறேன், ஏனென்றால் இது நியாயமான பயம். முழங்காலுக்குள் இருக்கும் முன் குறுக்குத் தசைநார் (ஏ.சி.எல்.) கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் ஏற்படுகிறது என்பது மருத்துவம் அறிந்த உண்மை. பெரும்பாலும் யாரும் மோதாமலே, குதித்து இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் நடக்கிறது. இதைக் குறைக்க வழியும் உண்டு. ஃபிஃபா 11+ என்ற, இருபது நிமிடத்தில் செய்து முடிக்கும் தயார்ப்படுத்தல் பயிற்சி இருக்கிறது: மெதுவான ஓட்டம், தொடைக்கும் இடுப்புக்கும் வலுவூட்டல், ஒற்றைக் காலில் சமநிலை, முழங்கால் உள்ளே மடியாமல் குதித்து இறங்கப் பழகுதல். உபகரணம் எதுவும் தேவையில்லை. எங்கள் பிள்ளைகள் அதைச் செய்யாமல் பந்தைத் தொடுவதில்லை. கேட்கும் தாயை அந்த இருபது நிமிடமும் வேப்பமரத்தடியில் இருந்து பார்க்கச் சொல்வேன்.

தேசிய அணியின் பெறுபேறுகளை நாங்கள் எப்படிப் பின்தொடர்வது?

நான் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வருகிறேன். திகதி, இடம், எதிரணி, இடைவேளையின்போது கோல் கணக்கு, முடிவில் கோல் கணக்கு என ஐந்து நிரல்கள். இடைவேளைக் கணக்கைத் தவறாமல் எழுதச் சொல்வேன். முதற்பாதியில் 0-1, 0-2 என்று நின்றவை பிற்பாதியில் எப்படிப் பெருகின என்பது அந்த நிரலில்தான் தெரியும். நேரலை கிடைக்காத ஆட்டங்களுக்கு ஆசியக் கூட்டமைப்பும் சாஃப் அமைப்பும் தங்கள் பக்கங்களில் கணக்கை வெளியிடுகின்றன. கொப்பி விளையாட்டறை அலுமாரியில் பந்து வலைக்கு மேலே இருக்கிறது. கடைசிப் பக்கங்களில் பதினாறு வயதுப் பிள்ளைகள் தங்களுடைய வலய ஆட்டங்களையும் அதே ஐந்து நிரலில் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். நான் அதை அழிக்கச் சொல்லவில்லை.